கையில் கட்டுவதா, முதுகில் கட்டுவதா? குழந்தைகளின் நீச்சல் மிதவைகள்

ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடியதும் பெங்களூரு அடுக்ககங்களின் நீச்சல் குளங்கள் நிறைந்துவிடும். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, எலெக்ட்ரானிக் சிட்டி என எங்கே எட்டிப் பார்த்தாலும் ஒரு குழந்தை கைகளில் ஆரஞ்சு நிறப் பட்டையோடு நிற்கும். இன்னொன்று வாத்து முகம் வைத்த ட்யூபுக்குள் உட்கார்ந்திருக்கும். மற்றொன்று முதுகில் முட்டை வடிவ நுரைக்கட்டியோடு தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும். கடைக்காரருக்கு மூன்றுமே ‘ஃப்ளோட்டர்’தான். குழந்தையின் உடம்புக்கு மூன்றும் வெவ்வேறு பாடங்கள்.

மிதவை உடம்பில் எங்கே உட்கார்கிறதோ அந்த இடம் மேலே வரும், மற்றது கீழே தொங்கும். தோளருகே கட்டினால் குழந்தை தண்ணீரில் நெட்டுக்குத்தாக நிற்கும். முதுகில் கட்டினால் குப்புறப் படுக்கும். நீந்துவது என்றால் தண்ணீர்மேல் படுத்தபடி நகர்வது. வாங்கும்போது நிறத்தையும் பொம்மைப் படத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் ஊர்க் கிணறுகளில் இது தெரிந்தேதான் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகோடு கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, கிணற்றில் இறக்கிவிடுவார்கள். பிறகு குடுக்கையின் இடத்துக்கு 5 லிட்டர் எண்ணெய்க் கேன் வந்தது. இன்று விலை கொடுத்து வாங்கும் முதுகு மிதவை அந்தக் குடுக்கையின் பேரன்தான். கயிற்றைப் பிடித்திருந்த ஆளை மட்டும் யாரும் டப்பாவில் வைத்து விற்பதில்லை.

தூக்குவது எது, அமுக்குவது எது

ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசையால் மேலே தள்ளப்படும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே ஒரு லிட்டர் காற்றுப் பை முழுவதுமாக நீருக்குள் போனால் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கல் தரும். மிதவை வாங்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

நான்கு வயதுக் குழந்தை 16 கிலோ இருக்கும். அதற்காக 16 கிலோவைத் தூக்கும் மிதவை வேண்டியதில்லை. மனித உடம்பின் அடர்த்தி தண்ணீருக்கு மிக நெருக்கமானது. மூச்சை இழுத்துப் பிடித்துத் தலையையும் நீருக்குள் வைத்தால் பெரும்பாலான உடம்புகள் தாமே மிதக்கும். தலையை வெளியே தூக்கும்போதுதான் சிக்கல். நீருக்கு வெளியே வந்த தலையைத் தண்ணீர் தாங்காது, அந்த எடையை வேறு ஏதாவது தாங்கியாக வேண்டும். நான்கு வயதில் தலை ஏறக்குறைய இரண்டரை மூன்று கிலோ இருக்கும். அதைத் தாங்க இரண்டரை மூன்று லிட்டர் காற்று போதும். வளர்ந்தவருக்கே 3 முதல் 5 கிலோ தூக்கல் இருந்தால் தலை வெளியே நிற்கும்.

குழந்தையின் உடம்பமைப்பும் வேறு. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு. நான்கு வயது இரண்டுக்கும் நடுவே. பெரிய தலை ஒரு முனையில், காற்று நிறைந்த நுரையீரல் மார்பில், காற்றே இல்லாத கால்கள் மறுமுனையில். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கினால் கால் இறங்கும், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கால் தானே மேலேறும். கடப்பாறை நீச்சல் என்று கேலி செய்கிறோமே, அந்தக் கடப்பாறை வேறொன்றுமில்லை: பயத்தில் விறைத்து, தலையைத் தூக்கி, நெட்டுக்குத்தாக நிற்கும் உடம்பு.

எனவே முகம் நனையவே விடாத கருவி எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் நீச்சலைத் தள்ளிப்போடுகிறது. கைப்பட்டையின் வழக்கே இதுதான்.

கைப்பட்டை

இன்று நாம் பார்க்கும் காற்றடைத்த கைப்பட்டையை 1964இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெர்ன்ஹார்ட் மார்க்விட்ஸ் என்பவர் உருவாக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூன்று வயது மகள் மீன் குளத்தில் விழுந்து உயிர் தப்பியதுதான் காரணம். பயந்த தகப்பன் செய்த பொருள் என்பது அதன் வடிவத்திலேயே தெரியும். தலையை வெளியே வைப்பது அதன் வேலை, நீந்தக் கற்றுத்தருவது அல்ல.

பட்டை கட்டிய குழந்தையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கைகள் பொம்மையைப் போல இரண்டு பக்கமும் தூக்கி நிற்கும். உடம்பு செங்குத்தாகத் தொங்கும். கால்கள் சைக்கிள் மிதிக்கும். நகர்ந்தாலும் ஓரடி ஈரடிதான். கையை நீருக்குள் இறக்கி இழுக்கப் பட்டை விடாது, குப்புறப் படுக்க மார்பும் வராது. இரண்டு கோடை இப்படிப் போனால் அந்த சைக்கிள் மிதி பழக்கமாகிவிடும். பிறகு அதை அழித்து வேறொன்றைப் பழக்குவது, புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம் என்று எந்தக் கோச்சும் சொல்வார்.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். தண்ணீரைக் கண்டாலே அலறும் குழந்தையைக் குளத்துக்குள் இறக்க முதல் இரண்டு மூன்று நாள் கைப்பட்டை உதவும். ஒரு பெரியவர் இரண்டு குழந்தைகளோடு நிற்கும்போது விளையாட்டு நேரத்துக்கும் உதவும். அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். முழுக்க ஊதிவிட்டுக் கையில் ஏற்ற முயன்றால் முழங்கையிலேயே நின்றுவிடும். தண்ணீரில் குதித்ததும் மணிக்கட்டுக்கு வழுக்கிவரும். லேசாக மட்டும் ஊதி, குழந்தையின் கையையும் பட்டையையும் நனைத்து, முழங்கைக்கு மேலே புஜம் வரை ஏற்றுங்கள். தட்டையான பக்கம் உடம்பை ஒட்டி இருக்கட்டும். அதன்பின் மீதிக் காற்றை ஊதுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் சுண்டு விரல் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. ஊதுகுழாயின் மூடியை அடைத்து, குழாயையும் உள்ளே அமுக்கிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு குழந்தையின் விரல் அதைத் திறந்துவிடும்.

நல்ல பட்டையில் தனித்தனியாக இரண்டு காற்றறைகளும், ஊதிய காற்று திரும்பி வராத வால்வும் இருக்கும். ஒன்று ஓட்டையானாலும் மற்றது தாங்கும். ஐரோப்பியத் தர எண் ஈஎன் 13138 அச்சிட்டிருக்கிறதா, எத்தனை கிலோ வரையுள்ள குழந்தைக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயதைவிட எடையை நம்புங்கள். அந்தத் தரத்தில் மூன்று பிரிவுகள் உண்டு: உடம்பில் அணிபவை, கையில் பிடிப்பவை, உள்ளே உட்காருபவை. மூன்றிலும் மூழ்குவதிலிருந்து இது காப்பாற்றாது என்ற எச்சரிக்கை இருக்கும். சின்ன எழுத்தில் இருப்பதால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, முதல் நாள் இரவே ஊதி வைத்துவிடுங்கள். காலையில் தொட்டால் தொய்ந்திருக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் சோப்புத் தண்ணீரைத் தையல் ஓரத்திலும் வால்வைச் சுற்றியும் தடவுங்கள், குமிழி வந்தால் குப்பைக்கு. செல்லோடேப் ஒட்டிச் சமாளிக்கிற பொருள் அல்ல அது.

மார்புத் தட்டும் இரண்டு கைப்பட்டையும் ஒன்றாகத் தைத்து, முதுகில் கொக்கி வைத்த மாதிரி ஒன்றும் கடைகளில் நிறைய இருக்கிறது. குழந்தை தானே கழற்ற முடியாது என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் நுரை முழுவதும் மார்பிலும் கையிலும் இருப்பதால் குழந்தை குப்புறப் படுக்கவே முடியாது. கைப்பட்டை பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

ட்யூப், மிதக்கும் இருக்கை, கழுத்து வளையம்

வட்ட ட்யூபில் குழந்தை கைகளைத் தொங்கவிட்டு நிற்கும். கைகளை மேலே தூக்கிய நொடியில் நடு ஓட்டை வழியாகச் சறுக்கிக் கீழே போய்விடும். சத்தமே இருக்காது, ட்யூப் மட்டும் மேலே மிதக்கும்.

கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த வாத்து இருக்கை அதைவிட மோசம். சறுக்கி விழாது என்பதால் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் குழந்தையின் கனமெல்லாம் தலையிலும் தோளிலும், ட்யூபுக்கு மேலே. எதையாவது எட்டி எடுக்கச் சாய்ந்தால் கவிழும். கவிழ்ந்தால் கால்கள் ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளும், தலை கீழே இருக்கும், குழந்தையால் திரும்ப முடியாது. தைரியமாகச் சொல்கிறோம்: வாங்காதீர்கள். யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் காற்றை இறக்கி மேல் பரணில் போட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைகளுக்கான கழுத்து வளையம் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு 2022 ஜூனிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. காற்று இறங்கினால் குழந்தை நழுவும், இறங்காவிட்டாலும் கழுத்தில் சுமை. இணையக் கடைகளில் இன்னும் விற்கிறார்கள்.

முதுகு மிதவையும் இடுப்புப் பட்டையும்

சுரைக்குடுக்கையின் இடத்துக்கு வந்துவிட்டோம். முட்டை வடிவ நுரைக்கட்டி ஒன்று, அல்லது நாலைந்து நுரைத் துண்டுகள் கோத்த பட்டை. கைகள் விடுதலை, மார்பு விடுதலை, முகத்தை நீருக்குள் வைத்தால் உடம்பு தானே நீளமாகப் படுக்கும். தலையைத் தூக்கினால் முதுகு மிதவை கொஞ்சம் முன்னே தள்ளிக் குப்புறச் சாய்க்கும். பெற்றோருக்கு இதுதான் முதலில் பயம் தருவது. பயிற்சிக்கு வேண்டியதும் இதுதான், ஏனென்றால் முகத்தை வைத்து, மூச்சை விட்டு, தலையைத் திருப்பி எடுக்கக் குழந்தை கற்றாக வேண்டியிருக்கிறது. அதனாலேயே இது பெரியவர் தண்ணீருக்குள் இறங்கி, பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கட்ட வேண்டிய கருவி. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கானது அல்ல.

கட்டும் இடம் முக்கியம். நுரை தோள்பட்டைகளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில் உட்கார வேண்டும். அதிகம் மேலே போனால் கால் தொங்கும். அதிகம் கீழே போனால் பின்புறம் எழும்பி முகம் அமுங்கும். பட்டையைக் கரையில் இறுக்கினால் தண்ணீரில் தளரும். வயிறு உள்ளே ஒடுங்குவதும், நனைந்த நாடா நீளுவதும் காரணங்கள். தண்ணீருக்குள் இறங்கியபின் இன்னொரு முறை இறுக்குங்கள். இரண்டு விரல் நுழையலாம், உள்ளங்கை நுழையக் கூடாது. தளர்ந்த பட்டை அக்குள்வரை ஏறிவிடும். அல்லது சுழன்று நுரை வயிற்றுப் பக்கம் வந்துவிடும், அப்போது குழந்தை மல்லாந்துபோய்க் கத்தும்.

துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய பட்டைதான் காசுக்குத் தகுந்தது. 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் உள்ள ஒரு துண்டு 600 மி.லி. நீரை விலக்கும். நுரையின் சொந்த எடை போக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் தூக்கல். நான்கு துண்டு என்றால் இரண்டு கிலோவுக்கு மேல். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிவருவதுதான் முழுப் பயிற்சித் திட்டமும்.

எப்போது ஒரு துண்டைக் குறைப்பது? குழந்தை முகத்தை நீருக்குள் வைத்து 5 எண்ணும்வரை இருக்கிறதா, சுவரைத் தள்ளி 5 மீட்டர் வருகிறதா, குப்புறக் கிடந்து மல்லாந்து திரும்புகிறதா. மூன்றும் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு துண்டு போகலாம். குறைத்ததும் கால் மறுபடி சைக்கிள் மிதித்தால் தோல்வி ஒன்றுமில்லை, ஒருவாரம் பழைய எண்ணிக்கைக்கே திரும்புங்கள். குழந்தைக்குத் தெரியாமல் கழற்றுவது மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டு அங்கிளின் யோசனை அப்படித்தான் இருக்கும். திடீரென்று மூழ்குவதாக உணர்ந்த குழந்தை அடுத்த நாள் குளத்துப் பக்கம் வராது, உங்கள் கையையும் நம்பாது.

நீச்சலுடைக்குள்ளேயே நுரை தைத்த சட்டைகள் உண்டு. முன்னும் பின்னும் சம அளவு நுரை இருந்தால் குழந்தை செங்குத்தாகத்தான் நிற்கும். முன்பக்கத் துண்டுகளை முதலில் உருவி எடுக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

நூடுலும் பலகையும்

நுரைக் குழாயை இங்கே எல்லோரும் நூடுல் என்றே சொல்கிறார்கள். ஒன்றரை மீட்டர் நீளம், 6.5 செ.மீ. விட்டமுள்ள நூடுல், நடு ஓட்டை போக நாலரை லிட்டர் நீரை விலக்கும். குழந்தைக்கு அது மிக அதிகம். கத்தியால் பாதியாக வெட்டிவிட்டால் இரண்டு கிலோ தூக்கல், ஒரு நூடுலில் இரண்டு பிள்ளைகள். அக்குளுக்குக் கீழே குறுக்காக வைத்து, கைகளை அதன் மேலாக முன்னே நீட்டி, குப்புறப் படுக்க வையுங்கள். முதுகுக்குப் பின்னால் அக்குளில் வைத்தால் மல்லாந்த நீச்சலுக்கும் அதுவே. கால்களுக்கு நடுவே குதிரை மாதிரி விட்டு உட்கார வைப்பது விளையாட்டுக்குச் சரி, ஆனால் உடம்பு மறுபடி செங்குத்துதான்.

நூடுலின் அருமை, குழந்தை பிடியை விட்டால் அது நழுவிப்போய்விடும். கேட்கக் குறை மாதிரி இருக்கிறது. ஆனால் தன்னைத் தாங்குவது எது என்று குழந்தைக்கு ஒவ்வொரு நொடியும் தெரிந்திருக்கிறது. கைப்பட்டை கட்டிய குழந்தைக்கு அது மறந்துபோகிறது. ஜூஸ் குடிக்கப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து, பட்டை இல்லாததை நினைக்காமல் ஓடிவந்து குதிக்கும் குழந்தைகள் உண்டு. ‘பட்டை இல்லையென்றால் பெஞ்சில் உட்கார வேண்டும்’ என்ற ஒரு வீட்டுச் சட்டம் இதற்காகவே போட வேண்டும்.

பலகை, அதாவது கிக்போர்டு, நாலரை ஐந்து வயதுக்குப் பிறகு. 30 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம் என்றால் ஏறக்குறைய 2 லிட்டர். பெரியவர்களின் பலகையைக் கொடுத்தால் குழந்தை அதன்மேல் ஏறிப் படுத்துவிடும், கால் வேலை செய்யாது. பலகையின் பின் ஓரத்தைப் பிடித்து மார்பை அதன்மேல் சாய்த்து, தலையை நிமிர்த்திப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இடுப்பு அமுங்கும், கழுத்து வலிக்கும், எவ்வளவு உதைத்தாலும் நகராது. முழங்கையை நீட்டி, முகத்தை நீரில் வைத்து, நான்கு எண்ணி, தலையைத் தூக்கி மூச்செடுத்து, திரும்ப வைக்க வேண்டும். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்கால் லேசாக மடங்கும், கணுக்கால் தளர்ந்து துணி மாதிரி ஆடும். குதிகால் நீர்மட்டத்தை உடைத்துக் கொஞ்சம் நுரை எழுப்பினால் சரி. மழை போல் தெளித்தால் முழங்கால் உதைக்கிறது என்று அர்த்தம்.

பெங்களூருக்கே உரிய ஒரு சின்ன விஷயம். கன்னடக் கோச் ‘உசிரு பிடு’ என்று கத்துவார். மூச்சை விடு என்று பொருள், நம் ‘விடு’ அங்கே ‘பிடு’. தமிழ் வீட்டுக் குழந்தை காதில் அது ‘பிடி’ என்று விழும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்பி நிற்கும். மூச்சை நீருக்குள் விடாத குழந்தை, தலையைத் தூக்கியதும் விடவும் இழுக்கவும் நேரம் போதாமல் தண்ணீரைக் குடிக்கும். வகுப்புக்கு அனுப்புமுன் ‘பிடு என்றால் விடு, காலு ஹொடி என்றால் காலை உதை’ என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள். வாளித் தண்ணீரில் வாயை வைத்துக் குமிழி விடும் விளையாட்டை ஒரு வாரம் ஆடினால், எந்த மிதவையும் தராத பலன் அதில் கிடைக்கும்.

தொடைகளுக்கு நடுவே வைக்கும் ‘புல் பாய்’ (pull buoy) என்ற நுரைக்கட்டியும், காலில் மாட்டும் ஃபின் என்ற துடுப்பும் நீந்தத் தெரிந்தவர்களுக்கு. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

குளத்தின் ஆழமும் ஜில்லிப்பும்

அடுக்ககங்களின் பெரிய குளம் பெரும்பாலும் 4 அடி, அதாவது 122 செ.மீ. ‘ஆழமே இல்லை’ என்று சொல்லிக்கொள்வோம். ஆறு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 116 செ.மீ. நான்கு வயதில் 103. ஆக அந்தக் குளம் முழுவதும் உங்கள் பிள்ளைக்கு நிலை இல்லாத ஆழம். கற்கும் குழந்தைக்குத் தண்ணீர் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே இருக்க வேண்டும், கால் ஊன்றினால் தரை தட்ட வேண்டும். பேபி பூல் 2 அடி என்றால் மூன்று நான்கு வயதுக்குச் சரி. அதற்கு மேல் வளர்ந்தால், பெரிய குளத்தில் படிக்கட்டின் பக்கமோ, நீருக்குள் போடும் பிளாட்ஃபார்ம் மேடை உள்ள பயிற்சி மையமோ பாருங்கள். தரை தட்டாத இடத்தில் கற்கும் குழந்தை மிதவையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும், கழற்றும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. சூடேற்றாத குளம் டிசம்பர், ஜனவரி காலைகளில் நன்றாகக் குளிர்ந்திருக்கும். சிறு குழந்தைகளுக்கு 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் உடம்பு தளர்ந்து கொடுக்கும். குளிர்ந்தால் தோள் காதோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு மேலோட்டமாகும், நுரையீரலில் காற்று குறையும், மிதப்பதும் குறையும். கோச் ‘பயப்படுகிறான்’ என்பார், உண்மையில் நடுங்குகிறான். உதடு நீலமானால் வகுப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நியோப்ரீன் சட்டை போட்டால் குளிர் குறையும். அதனுள் காற்றுக் குமிழிகள் இருப்பதால் கொஞ்சம் தூக்கவும் செய்யும், அதைக் கணக்கில் எடுத்து ஒரு நுரைத் துண்டைக் குறையுங்கள்.

உடையின் நிறமும் கவனிக்க வேண்டியது. நீல டைல்ஸ் குளத்தில் நீலம், வெள்ளை, சாம்பல் நிற உடை அணிந்த குழந்தை அடியில் கிடந்தால் கண்ணில் படாது. பளீர் ஆரஞ்சு, பளீர் பிங்க் தெரியும்.

லைஃப் ஜாக்கெட் வேறு சாதி

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும்போது கட்டிவிடுகிறார்களே, அது நீச்சல் கற்பதற்கான கருவி அல்ல. படகிலிருந்து தவறி விழுந்தவரைத் தூக்கி வைக்கும் கருவி. அதன் தூக்கலை நியூட்டனில் சொல்வார்கள். 10 நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ. ஐஎஸ்ஓ 12402 தரத்தில் 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவைச் சட்டை. 100, 150 என்று போனால்தான் லைஃப் ஜாக்கெட் என்ற பெயர். இவை வளர்ந்தவர்களுக்கான எண்கள், குழந்தைக்கு எடைக்கு ஏற்பக் குறையும். நீந்தத் தெரியாத குழந்தைக்குக் கழுத்துப் பட்டை வைத்ததும், கால்களுக்கு நடுவே வரும் நாடா உள்ளதும்தான் வேண்டும். முன்பக்கமும் கழுத்திலும் நுரை அதிகம் இருப்பதால் குழந்தையை மல்லாத்தி முகத்தை வானம் பார்க்க வைக்கும். நீந்தப் பழகும் குழந்தைக்கு அது இடைஞ்சல். பரிசலில் அதுவே உயிர்.

கட்டியபின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்துக் குழந்தையைத் தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறி முகவாய் உள்ளே போனால் அளவு பெரிது அல்லது நாடா தளர்வு. ‘ஒருநாள்தானே’ என்று பெரியவர் சட்டையைச் சுற்றிக் கட்டிவிடுவதை மறுத்துவிடுங்கள். குழந்தை அளவு இல்லையென்றால் அன்று கரையில் மீன் வறுவலோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

ஒரு வகுப்பை எப்படிப் பிரிப்பது

சிறு குழந்தைக்கு அரைமணி நேரம் தாராளம். முதல் 10 நிமிடம் எந்தக் கருவியும் இல்லாமல் தொடங்குங்கள். படியில் உட்கார்ந்து கால் அடிப்பது, குமிழி விடுவது, சுவரைப் பிடித்து நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வது, உங்கள் கை தலைக்கும் முதுகுக்கும் கீழே இருக்க மல்லாந்து படுப்பது. நடுவில் 15 நிமிடம் நூடுலோ பலகையோ முதுகு மிதவையோ, ஒரு நாளைக்கு ஒன்றுதான். கடைசி 5 நிமிடம் மறுபடி வெறும் உடம்பு. சுவரைத் தள்ளி உங்கள் கைக்கு வருவது, முதல் நாள் ஒரு முழம், பிறகு ஒரு மீட்டர், பிறகு மூன்று. மிதவையோடு முடிக்கும் வகுப்பில், குழந்தை மிதவையின் நினைவோடு வீட்டுக்குப் போகிறது.

வயதைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு வயதிலிருந்தே பெற்றோரோடு தண்ணீர்ப் பழக்கம் தரலாம் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். நீரில் கைகால் ஒருங்கிணைந்து வேலை செய்ய நான்கு வயதாவது ஆகும். அதற்கு முன் எவ்வளவு பணம் கட்டினாலும் அவசரம் பலிக்காது.

பெரியவர் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள், ஃபோன் இல்லாமல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது கத்த மூச்சே இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ‘இப்போது நீ பார், 15 நிமிடம் கழித்து நான்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இருவரும் பார்ப்பதாக இருவரும் நினைக்கும் இடத்தில்தான் யாரும் பார்ப்பதில்லை.

தூக்கி எடுத்த குழந்தை மூச்சுவிடவில்லை என்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது, நேரம்தான் வீணாகும். மல்லாத்தி, முகவாயை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். இன்னொருவர் 108 அல்லது 112 கூப்பிட வேண்டும். பார்த்துப் படித்து வருவதல்ல இது, ஒருமுறை பொம்மையில் பழகிக்கொள்ளுங்கள்.

குளத்தைவிட்டுக் கிளம்பும்போது நூடுல், பலகை, பந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரில் மிதக்கும் மஞ்சள் பொம்மை, கதவு திறந்திருக்கும் ஒரு மதியத்தில் வேறொரு குழந்தையை அழைக்கும். மிதவைகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். குளோரினும் பால்கனி வெயிலும் பிளாஸ்டிக்கை விறைக்க வைத்துத் தையலில் விரிசல் விடும். வெடித்த நுரை தண்ணீரைக் குடித்து, வாங்கியபோது தந்த தூக்கலைத் தராது. போன வருடப் பட்டையை இந்த ஏப்ரலில் எடுக்கும்போது, குழந்தையை எடை போட்டுப் பாருங்கள். இரண்டு கிலோ ஏறியிருப்பான், பட்டையில் எழுதியிருக்கும் எண் அப்படியேதான் இருக்கும்.